ணுவுக்கும் ணாவுக்கும் நடுவில்

தமிழில் ஒன்றைக் கேட்பதற்கும் மறுப்பதற்கும் நடுவே அதிக தூரம் இல்லை. வேணும் என்றால் வை, வேணாம் என்றால் எடு. இடையில் இருப்பது ஒரு ணுவும் ஒரு ணாவும்தான். நாக்கு ஒழுங்காக வேலை செய்யும்வரை இது யாருக்கும் தோன்றாது. எனக்கு நாக்கு போய்க்கொண்டிருக்கிறது, அதனால் தோன்றியது.

எங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலருக்கு வழக்கம்போல ஒரு நகைச்சுவைக் கட்டுரை கேட்டார் செயலாளர். "ஏதாவது லைட்டா குடுங்க சார்." என் வியாதி அவருக்குத் தெரியும். தெரிந்தவர்கள் எல்லோருமே என்ன பேசுவது என்று விளங்காமல் பழைய வழக்கத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள், கூட்டத்தில் பஸ் கம்பியைப் பிடிப்பது மாதிரி. நானும் பிடித்துக்கொண்டு லைட்டாக எழுதப் பார்த்தேன். வந்தது இதுதான். பக்கம் மிச்சமிருந்தால் போடட்டும்.

என்னைத் தெரியாதவர்களுக்கு: மராத்தி பேசும் தாபோடியில் குடியிருக்கிறேன். ராணுவத் தளவாடத் தொழிற்சாலை ஒன்றில் ஸ்டோர்ஸ் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். நாட்டின் பாதுகாப்பில் என் பங்கு, நட்டு இத்தனை போல்ட்டு இத்தனை என்று எழுதிவைத்தது. மனைவி சரோஜாவுக்கும் எனக்கும் வேலூர்ப் பக்கம். மகள் நித்யா இங்கேயே பிறந்தவள். தமிழ் பேசுவாள், படிக்கச் சொன்னால் கடைப் பலகையை எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் கடையைச் சாத்திவிடுவார்கள். இரவெல்லாம் ஹெட்போன் மாட்டிக்கொண்டு அமெரிக்காக்காரர்களின் புகார் கேட்கும் கால் சென்டர் வேலை. எந்த மூலையிலிருந்து எவன் எப்படிக் குழறினாலும் புரிந்துகொள்ள அவளுக்குப் பயிற்சி கொடுத்திருந்தார்கள். அந்தப் பயிற்சி அப்பாவுக்கு உதவப்போகிறது என்று கம்பெனிக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

ஆரம்பம் பொங்கல் விழா மேடையில். வருஷா வருஷம் என்னைக் கடைசியாகப் பேசவிடுவார்கள். சாப்பாட்டுக்கு எழுந்து போகும் கூட்டத்தைக் கொஞ்சம் பிடித்து வைக்க. அன்றைக்குப் பேசும்போது 'வாழ்த்து' என்ற சொல் வாயில் வந்து வழுக்கி விழுந்தது. மறுபடி சொன்னேன், மறுபடி விழுந்தது. முன்வரிசையில் சிரித்தார்கள். நானும் வேண்டுமென்றே செய்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன். இறங்கியதும் செயலாளர் கையைக் குலுக்குகிற சாக்கில் என் வாய்ப்பக்கம் மூக்கை நீட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் சரோஜா கதவைச் சாத்திவிட்டுக் கேட்டாள்.

"உண்மையைச் சொல்லுங்க. குடிச்சீங்களா?"

"இல்ல."

"அப்புறம் ஏன் அப்படிப் பேசினீங்க?"

"அப்படித்தான் வந்துச்சு."

அவள் நம்பினாள். நம்பியதும் அவள் முகம் இன்னும் கலவரமாகிவிட்டது. குடிதான் என்றால் அவளுக்கு என்ன செய்வது என்று தெரியும்.

பிறகு சுற்று ஆரம்பித்தது. பல் டாக்டர் ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார். பல் போனது, குழறல் போகவில்லை. காது மூக்கு தொண்டை டாக்டர் குழாயை உள்ளே விட்டுப் பார்த்து, தொண்டை அழகாக இருக்கிறது என்றார். இந்த உடம்பில் அப்படி ஒரு பாராட்டு வாங்கிய முதல் உறுப்பு அது. ஹோமியோபதிக்காரர் என் சின்ன வயதுக் கனவுகளைக் கேட்டார். கடைசியில் நரம்பியல் பிரிவு.

பெரிய ஆஸ்பத்திரி. அதன் காத்திருப்பு ஹாலில் என்னால் உட்கார முடியாது. என்னால் எங்கேயுமே உட்கார முடியாது. சினிமாவில்கூட இடைவேளைக்கு முன்னாலேயே ஒரு தடவை எழுந்து போய்விட்டு வருகிற ஆள். ஹாலின் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நடந்தேன். வாசலில் இருந்த அட்டெண்டர் பொறுத்துப் பார்த்துவிட்டு, சித்தப்பா முறை வைத்து இந்தியில் சொன்னார், "காகா, உட்காருங்க. நடந்தா நம்பர் சீக்கிரம் வராது."

சீக்கிரம் வந்துவிடக் கூடாது என்றுதான் நடக்கிறேன் என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் கூப்பிட்டுவிட்டார்கள்.

டாக்டர் ஒரு மராத்தி அம்மாள். என்னைவிடச் சின்னவர், மெதுவாகப் பேசுவார், கண்ணைப் பார்த்துப் பேசுவார். நாக்கை நீட்டாமல் வாய்க்குள்ளேயே சும்மா வைத்திருக்கச் சொல்லி டார்ச் அடித்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு சரோஜாவையும் பார்க்கச் சொன்னார். சும்மா கிடக்க வேண்டிய நாக்கு உள்ளே நெளிந்துகொண்டே இருக்கிறதாம். "இத்தனை வருஷமா வெளியில ஆடிச்சு, இப்ப உள்ளயே ஆடுது," என்றேன். யாரும் சிரிக்கவில்லை. சொன்னது புரியவில்லை என்று எண்ணிக்கொண்டேன். புரிந்திருக்கும்.

அடுத்தது ஊசிப் பரிசோதனை. தசைக்குள் மெல்லிய ஊசியைச் செருகி, அங்கே ஓடும் மின்சாரத்தை ஒலிபெருக்கியில் கேட்பது. நல்ல தசை ஓய்வில் இருந்தால் சத்தமே வராது. என்னுடையது அடுப்பில் பொரி வறுத்த மாதிரி பொரிந்தது. கையில் குத்தினாலும் பொரி, தொடையில் குத்தினாலும் பொரி. அந்த அறையில் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்கு ஒன்று புரிந்தது. நிலைகொள்ளாத மனுஷன் என்று சரோஜா என்னைச் சொல்வது வழக்கம். இப்போது எழுத்துப்பூர்வமான ரிப்போர்ட்டே வந்துவிட்டது.

பெயர் மோட்டார் நியூரான் நோய். பயமுறுத்தும் பெயர் இல்லை, ஸ்கூட்டர் ரிப்பேர் மாதிரிதான் இருக்கிறது. விஷயம் இது: மூளையிலிருந்து தசைகளுக்கு உத்தரவு கொண்டுபோகும் நரம்பணுக்கள் ஒவ்வொன்றாகச் செத்துப்போகின்றன. உத்தரவு வராத தசை இளைத்து வேலையை விட்டுவிடுகிறது. சிலருக்குக் கையில் ஆரம்பிக்கும், சிலருக்குக் காலில். எனக்கு நாக்கிலும் தொண்டையிலும். பார்வை, கேள்வி, புத்தி, ஞாபகம் எல்லாம் கடைசிவரை அப்படியே இருக்கும். கடைசியில் மூச்சுத் தசைகள். மாற்றுகிற மருந்து கிடையாது. கொஞ்சம் தள்ளிப்போடுகிற மாத்திரை ஒன்று உண்டு. அதன் விலையைக் கேட்டால் ஆரோக்கியமானவனுக்கும் நாக்குக் குழறும்.

டாக்டர் இதையெல்லாம் சொல்லி முடித்ததும் நான் சிரித்தேன். சின்னச் சிரிப்பு இல்லை. மேஜையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர, நிறுத்த முடியாமல். எனக்குள் சிரிப்பே இல்லை. சிரிப்பு தானாகப் போய்க்கொண்டிருந்தது. சரோஜா என் முழங்கையைக் கிள்ளினாள். டாக்டர் அவளைத் தடுத்தார்.

"அவரைத் திட்டாதீங்க. இதுவும் நோய்தான்."

சிரிப்புக்கும் அழுகைக்கும் மூளை பிரேக் போட்டு வைத்திருக்கிறதாம். சிலருக்கு அந்தப் பிரேக் தேய்ந்துவிடும். காரணம் இல்லாமல் சிரிப்பு வரும், ஒன்றுமே இல்லாததற்கு அழுகை வரும். சொந்த ஜோக்குக்குத் தான் சிரிப்பது போல மட்டமான காரியம் இல்லை என்று மேடையில் எத்தனையோ பேரைக் கிண்டல் செய்திருக்கிறேன். இப்போது ஜோக்கே இல்லாமல் சிரிக்கிறேன்.

சாப்பாடு சிக்கலானது. கெட்டியானதைவிடத் தண்ணீர்தான் மோசம். தொண்டை மூடி சரியாக மூடாததால் நீர் மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். அதனால் திரவத்தையெல்லாம் கெட்டியாக்க வேண்டும். சரோஜா மோரில் கேழ்வரகு மாவைக் காய்ச்சி ஊற்றினாள். ரசத்தைச் சோற்றோடு மிக்சியில் அடித்தாள். ரசத்தைக் கெட்டியாக்கிய பாவம் எந்த ஜென்மத்துக்கோ என்று சொல்லிக்கொண்டே அடித்தாள். நான் ஒரு கிண்ணம் முடிக்கும்வரை அவளும் சாப்பிட மாட்டாள். அவள் தட்டில் என்னால் சாப்பிட முடியாத அப்பளம் எதுவும் இருக்காது. ரொம்ப நாள் கழித்துத்தான் அதைக் கவனித்தேன். கேட்டதற்கு, "எண்ணெய் சேர மாட்டேங்குது," என்றாள்.

அப்புறம் ஸ்டேஷனுக்கு வெளியே ஒரு வண்டியில் வடாபாவ் வாசனை வந்தது. தனியாக இருந்தேன். அதற்கு மேல் விவரிக்க வேண்டியதில்லை. பாதி தொண்டையில், பாதி நுரையீரலில். மறுநாள் காய்ச்சல், அதற்கடுத்த நாள் நிமோனியா, படுக்கை.

வார்டில் என்னைப் பார்த்த டாக்டர் இனி வாய்வழியாக ருசிக்கு மட்டும் என்றார். பசிக்கு, வயிற்றில் சின்ன ஓட்டை போட்டு ஒரு குழாய். அதன் வழியாகக் கஞ்சியைச் செலுத்தலாம். பயப்படும்படியான ஆபரேஷன் இல்லை, மூச்சு நன்றாக இருக்கும்போதே செய்துவிட வேண்டும் என்றார். எனக்கும் சரி என்றுதான் பட்டது. சாப்பிடுவது அதற்குள் ஒரு வேலையாகிவிட்டிருந்தது.

காலையில் நர்ஸ் வந்து கேட்டாள், "காகா, நளி பாஹிஜே கா?" குழாய் வேண்டுமா என்று அர்த்தம்.

நான் தலையை ஆட்டினேன். நம்மவர்கள் 'சரி, ஆகட்டும்' என்பதற்கு இரண்டு தோளுக்கும் மாற்றி மாற்றிச் சாய்ப்போமே, அப்படி. பேச்சு போனவனுக்குத் தலைதானே மிச்சம், கொஞ்சம் தாராளமாகவே ஆட்டினேன். அந்தப் பெண் சாதாராப் பக்கம் ஏதோ கிராமம். அவள் ஊரில் தலை பக்கவாட்டில் போனால் 'இல்லை'. நோயாளி மறுத்துவிட்டார் என்று எழுதிவைத்துவிட்டுப் போய்விட்டாள். கூட்டிப்போக வந்த தள்ளுவண்டி என்னைத் தாண்டிப் பக்கத்துக் கட்டிலுக்குப் போனது. நான் மறுபடி தலையை ஆட்டினேன். அவர்கள் இன்னும் வேகமாகப் போனார்கள்.

வேலை முடித்து நித்யா வந்தாள்.

"அப்பா, ஏன் இன்னும் இங்கயே இருக்கே?"

நர்ஸ் வந்து, உன் பாபாதான் வேண்டாம் என்றாரே என்றாள். நித்யாவுக்கு உடனே புரிந்துவிட்டது. கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று அந்தப் பெண்ணுக்குத் தமிழ்த் தலையாட்டலை மராத்தியில் பாடம் எடுத்தாள். இப்படி ஆட்டினால் ஆமாம். இப்படி ஆட்டினாலும் ஆமாம், ஆனால் கொஞ்சம் அலுப்போடு. இப்படி என்றால் கேட்டுக்கொண்டிருக்கிறேன், மேலே சொல். நர்ஸ் தானும் ஆட்டிப் பார்த்தாள். பக்கத்துக் கட்டில்காரர் ஆட்டிப் பார்த்தார். கொஞ்ச நேரம் அந்த வார்டு முழுக்க எல்லாவற்றுக்கும் சம்மதித்துக்கொண்டிருந்தது.

"சரி, தலை வேணாம். வாயால சொல்லு," என்றாள் நித்யா. "டியூப் வேணுமா, வேணாமா?"

நான் வேணும் என்றேன்.

"வேணாங்கறாரு," என்றாள் சரோஜா.

"இல்லம்மா, வேணும்ங்கறாரு."

"எனக்குத் தெரியாதா? இத்தனை வருஷம் குடும்பம் பண்றேன். வயித்தைக் கிழிக்க வேணாங்கறாரு."

"அரே அம்மா, நீ உனக்கு வேண்டியதைக் கேக்கறே."

"நீ மட்டும்?"

மறுபடி சொன்னேன். ஒருத்தி காதில் ணுவாகவும் ஒருத்தி காதில் ணாவாகவும் விழுந்தது. கட்டிலின் கால்மாட்டில் நின்று என்ன சொன்னேன் என்று இரண்டு பேரும் சண்டை பிடிக்க, எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிரேக் இல்லாத சிரிப்பு. சரோஜா அதையும் தன் கட்சிக்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டாள். கடைசியில் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன். குழாய் வந்தது. சரோஜா முதல் தடவை அதில் கஞ்சி ஊற்றும்போது என்னைப் பார்த்து, "சூடா இருக்கா?" என்று கேட்டாள். வயிற்றுக்கு நேராகப் போகிற கஞ்சியை. பதில் சொல்லவேண்டும் போல இருந்தது. அளவாக இருக்கிறது என்று கைகாட்டினேன்.

வீட்டுக்கு அனுப்புமுன் டாக்டர் மூன்று பேரையும் உட்காரவைத்தார். உட்கார்ந்தவர்கள் இரண்டு பேர், நான் ஜன்னலோரம் நின்றேன். அடுத்தது மூச்சு என்றார். கொஞ்ச காலம் தூங்கும்போது முகமூடி மாதிரி ஒன்று வைத்தால் தாங்கும். ஒரு கட்டத்தில் அது போதாது. அப்போது தொண்டையில் ஓட்டை போட்டு மெஷினோடு இணைக்கலாம். மெஷின் மூச்சுவிட்டுக்கொண்டே இருக்கும். ஆனால் நோய் நிற்காது. கை, கால், முகம் ஒவ்வொன்றாகப் போகும். உள்ளே ஆள் முழுசாக விழித்திருப்பார். மாட்டிய மெஷினை எடுப்பது நம் நாட்டில் லேசில் நடக்காது. ஆகவே மாட்டுவதற்கு முன்னாலேயே முடிவு செய்யவேண்டும்.

"முடிவு சொல்லாம விட்டா, மூச்சு திணறும்போது யார் பக்கத்துல இருக்காங்களோ அவங்ககிட்ட கையெழுத்து கேப்பாங்க," என்றார். நித்யாவைப் பார்த்துச் சொல்லவில்லை. ஆனால் நித்யா தலை குனிந்துகொண்டாள்.

"யோசிச்சு வையுங்க. வேணுமா, வேணாமா?"

நான் தமிழில் பதில் சொன்னேன். சரோஜாவுக்கு வேணும் என்று கேட்டது. சரி, அவள் சந்தோஷப்பட்டாள். நித்யா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இங்கே வாசகர்கள் ஒன்று கேட்பீர்கள். எழுதிக் காட்டியிருக்கலாமே? கை எழுதுகிறது, இதையும் அதுதான் எழுதுகிறது. கட்டைவிரல் இருக்கிறது. மகள் வாங்கிக்கொடுத்த செல்போனில் தட்டலாம். வழி இல்லாமல் இல்லை. என்ன சொல்வது என்றுதான் அப்போது தெரியவில்லை. மெஷின் என்று நினைத்தால், அசையாமல் விட்டத்தைப் பார்த்துக் கிடக்கிற என்னை நானே பார்க்கிறேன். சினிமா பார்க்கவே உட்கார முடியாதவன். உடனே எழுந்து நடக்கவேண்டும் போலிருக்கிறது, நடக்கிறேன். மெஷின் இல்லை என்று நினைத்தால், அன்றைக்கு ஒரு சாயங்காலம், பிறகு ஒன்றுமில்லை. அதை நினைத்தாலும் எழுந்து நடக்கவேண்டும் போலிருக்கிறது. தாபோடியில் நான் நடந்து தேயாத தெரு இல்லை.

ஆகவே ஒரு தந்திரம் செய்தேன். வீட்டில் கேட்டபோதெல்லாம் ணுவும் இல்லாமல் ணாவும் இல்லாமல் 'வேண்ம்' என்று ஒன்றை முனகினேன். நாக்கு மேல் பழியைப் போட்டுவிட்டால் அதற்கு மேல் யாரும் கேட்கமாட்டார்கள். நோயாளியிடம் எத்தனை தரம் கேட்பது? ஒரு குறையை இவ்வளவு லாபகரமாக நடத்தியவன் எங்கள் குடும்பத்தில் நான்தான்.

ஆனால் குழறல் கேட்டுச் சம்பளம் வாங்குகிறவள் வீட்டில் இருக்கிறாள். ஒருநாள் நான் நடக்கக் கிளம்பும்போது நித்யா செருப்பை எடுத்துத் தன் காலடியில் வைத்துக்கொண்டாள்.

"அப்பா, நேத்து ஃபேன் வேணாம்னே. சாஃப், தெளிவா கேட்டுச்சு. காலைல பேப்பர் வேணும்னே. அதுவும் கேட்டுச்சு. மெஷின் பத்தி கேட்டா மட்டும் ஏன் நடுவுல நிக்கறே?"

நாக்கைக் காட்டினேன்.

"நாக்கு இல்ல. நீ வேணும்னே அப்படிச் சொல்றே."

அந்த 'வேணும்னே'யில் எனக்குச் சிரிப்பு வந்தது. நிஜச் சிரிப்பு. அது எது என்று அவளுக்கு வித்தியாசம் தெரியும். அவள் சிரிக்கவில்லை. செருப்பைத் தள்ளிவிட்டு உள்ளே போனாள்.

ஆஸ்பத்திரி மாடி ஹாலில் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் மாதிரி ஆட்களுக்கு ஒரு கூட்டம் நடக்கும். நரம்பு நோய்க்காரர்கள், அவர்கள் வீட்டார். மருந்து இல்லாத வியாதிக்கு ஆளுக்கு ஆள் தங்கள் கதையைச் சொல்லிக்கொள்வார்கள். யாருக்கு எந்தத் தலையணை சரியாக இருந்தது, எந்த நாற்காலி, எந்தக் கஞ்சி, எந்தச் சொந்தக்காரர் வருவதை நிறுத்தினார். அங்கேதான் ஜாதவைச் சந்தித்தேன். ரயில்வே பட்டறையில் இருந்து ஓய்வுபெற்றவர். அவருக்கு நோய் கைகளில் ஆரம்பித்தது. இரண்டு கையும் சட்டை போலத் தொங்கும், குரல் மட்டும் கணீரென்று இருக்கும். முதல் நாளே என்னிடம் இந்தியில், "உமக்குக் கை, எனக்கு வாய். சேர்ந்தா ஒரு முழு ஆள். பென்ஷன் மட்டும் ரெண்டு," என்றார். அவர் மெஷின் வேண்டும் என்று முடிவு செய்துவிட்டவர். "நான் போயிட்டா என் மருமகள் யார்கூடச் சண்டை போடுவா?" அவர் மனைவி அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டே ஆமாம் என்றார்.

ஒரு ஞாயிறு என் முறை வந்தது. நான் தமிழில் குழறுவது, நித்யா அதை மராத்தியில் சொல்வது என்று ஏற்பாடு. இத்தனை வருஷத்தில் என் மராத்தி, கேட்டால் புரியும் மராத்தி. பேச்சு ஆபீஸ் இந்தியிலேயே ஓடிவிட்டது. சரோஜா இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

பொங்கல் மேடையில் ஆரம்பித்தேன். செயலாளர் மோந்து பார்த்ததைச் சொன்னேன். நித்யா சொன்னாள், ஹால் சிரித்தது. தொண்டை அழகாக இருந்ததைச் சொன்னேன், சிரித்தது. எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. மெஷினுக்கு வந்தேன். "நான் ஸ்டோர்ஸ்காரன். உள்ள வந்த மெஷினைக் கணக்குல இருந்து எடுக்கறது எவ்வளவு கஷ்டம்னு எனக்குத் தெரியும். கழிவுன்னு எழுதி அனுமதி வர்றதுக்குள்ள எழுதினவன் ரிட்டையர் ஆயிடுவான்." நல்ல ஜோக் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

நித்யா மைக்கை மறுகைக்கு மாற்றினாள். பிறகு மராத்தியில் சொன்னாள்.

"பாபா சொல்றார், எனக்குப் பயமா இருக்கு. மெஷின் வேணுமான்னு வீட்டுல கேட்டா பதில் சொல்லாம நழுவறேன். ஒருநாள் மூச்சு நிக்கும்போது என் மகதான் கையெழுத்துப் போடணும். எதுக்குப் போட்டாலும் அதுக்கப்புறம் அவளால தூங்க முடியாது. இது எனக்குத் தெரியும். தெரிஞ்சும் சொல்லாம இருக்கேன்."

ஜாதவ் என்னைப் பார்த்து மெல்லத் தலையசைத்தார், நான் பெரிய உண்மை ஒன்றைச் சொல்லிவிட்ட மாதிரி.

நான் அவள் பக்கம் திரும்பி, "நான் அப்படிச் சொல்லல," என்றேன்.

அவள் கூட்டத்தைப் பார்த்தாள். "பாபா சொல்றார், சொன்னதும் மனசு லேசாச்சாம்."

சரோஜாவைத் தவிர வேறு யாருக்கும் என் பேச்சு புரியாது, அவளும் தப்பாகவே கேட்பாள். மறுத்துப் பேச எனக்கு இருந்த ஒரே வாய் அவள்தான். மேடையில் இத்தனை வருஷம் நின்றிருக்கிறேன், யாரும் என்னை இப்படி மடக்கியதில்லை. அவள் மைக்கைப் பிடித்த கை நடுங்குவதை அப்போதுதான் பார்த்தேன். அவளுக்கு நரம்பில் ஒன்றும் கிடையாது.

ஹாலை விட்டு நடந்துவிடலாம் என்று கால் பரபரத்தது. நடுவில் வழி இருந்தது, கதவு திறந்திருந்தது. ஆனால் போகவில்லை. நான் வெளியே போய்விட்டால் அவள் அந்த மைக்கோடு தனியாக நிற்பாள், ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் ஒருநாள் பேனாவோடு நிற்பதுபோல.

வாயைத் திறந்தேன். தமிழில் சொன்னால் மறுபடி நடுவில் போய் நிற்பேன், எனக்கே என் மேல் நம்பிக்கையில்லை. மராத்தியில் பாஹிஜே என்றால் வேண்டும். வேண்டாம் என்பதற்கு வேறு சொல். இரண்டுக்கும் பொதுவாக ஒரு எழுத்துகூடக் கிடையாது. எவ்வளவு குழறினாலும் ஒளிந்துகொள்ள இடமில்லாத பாஷை.

"நகோ," என்றேன்.

'க' கொஞ்சம் தேய்ந்துதான் வந்தது. ஆனால் ஹாலில் எல்லோருக்கும் புரிந்தது. வந்த நாளிலிருந்து நான் அங்கே பேசியதில் மொழிபெயர்ப்பு தேவைப்படாத முதல் வார்த்தை அது. சரோஜாவுக்கும் புரிந்தது. மராத்தியில் அவள் முதலில் கற்றுக்கொண்ட சொல்லே அதுதான், காய்கறிக்காரனிடம் தினமும் சொல்வது. அவள் கையிலிருந்த பையின் காதை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

நித்யா மைக்கைக் கீழே இறக்கினாள். "பக்கா?" என்றாள், மெதுவாக, எனக்கு மட்டும்.

"நகோ," என்றேன் மறுபடி. இந்த முறை அழுகை வந்தது. பிரேக் இல்லாத அழுகையா, மற்றதா என்று தெரியவில்லை. நித்யாவுக்குத் தெரிந்திருக்கும். அவள் என் தோளில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள். ஜாதவ் தன் கணீர்க் குரலில் எல்லோருக்கும் டீ கொடுக்கச் சொன்னார்.

கூட்டத்துக்கு வந்திருந்த டாக்டரிடம் அன்றைக்கே சொல்லி எழுதிவைத்துவிட்டோம். நித்யா அங்கிருந்து தன் ஸ்கூட்டரில் நேராக வீட்டுக்குப் போய் ஒரு நாள் முழுக்கத் தூங்கினாள்.

ரிக்ஷாவில் நானும் சரோஜாவும் மட்டும் வீட்டுக்கு வந்தோம். கட்கி தாண்டி ஆற்றுப் பாலத்தில் டிராபிக் நின்றுவிட்டது. இறங்கி நடந்துவிடலாமா என்று எனக்குத் துடித்தது. அவள் என் முழங்காலில் கையை வைத்து அழுத்தினாள். ரிக்ஷாக்காரர் இன்ஜினை அணைத்தார்.

"மெஷின் நகோன்னா நகோ," என்றாள். "நான் ஒண்ணும் சொல்லல. டாக்டர் சொன்ன அந்த முகமூடி, குழாய்க் கஞ்சி, மாத்திரை, பிசியோகாரர், இதெல்லாம் இருக்கே. அதுவரைக்கும் உள்ளதெல்லாம்? அதைச் சொல்லுங்க. வேணுமா, வேணாமா?"

தமிழில்தான் கேட்டாள். நானும் தமிழிலேயே சொன்னேன். எனக்கே அது எப்படிக் கேட்டது என்று சொல்ல முடியாது. பக்கத்தில் ஒரு லாரி வேறு ஹாரன் அடித்தது.

"சரி," என்றாள் சரோஜா.